உங்களுக்குத் தெரியுமா? காற்றுதான் பிரேக்குக்குக் கை கொடுக்கிறது!

பிரேக் பூஸ்டருக்குள் டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் எஞ்சின் உறிஞ்சிய வெற்றிடம். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளும். பரப்பு கூடினால் பலம் கூடும்.

● 9 அங்குல டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 64 சதுர அங்குலம்; 7 அங்குலத்துக்கு 38தான்.

● பழைய காரின் பானெட்டுக்குள் இடம் குறுகலா? இரட்டை டயாஃப்ரம் கொண்ட 7 அங்குல பூஸ்டர், ஒற்றை 9 அங்குலத்துக்கு ஈடுகொடுக்கும். நீளம் மட்டும் கூடும். முதலில் அளந்து பாருங்கள்.

● டீசல் காரில் இந்த வெற்றிடத்தை உண்டாக்கத் தனி வாக்குவம் பம்ப் வேண்டும்.

● கடலோரக் குலசேகரன்பட்டினத்தைவிட, சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பூஸ்டரின் உதவியும் அங்கே குறையும். குலசேகரன்பட்டினத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், மலைப்பாதைக்கும் போதுமான அளவையே தேர்ந்தெடுங்கள்.