மாடு திடீர்னு செத்துப்போச்சா? கத்தியை எடுக்காதீங்க!

நேற்று வரை நன்றாக மேய்ந்த மாடு, காலையில் தொழுவத்தில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம். விழுப்புரம் மாவட்டம் அவலூர்பேட்டை போல, வாரச்சந்தையை நம்பி ஆடு, மாடு வளர்க்கும் ஊர்களில் ஒரு மாடு போனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே போன மாதிரி. ‘தோலையாவது உரிச்சு வித்துடலாம்’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், ஆபத்து தொடங்குவதே அங்கேதான். இவை அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயின் அறிகுறிகள்.

ஏன் அறுக்கக் கூடாது?

அறுபடாத உடலுக்குள் இருக்கும் அடைப்பான் பாக்டீரியா, உடல் அழுகும்போது சில நாட்களில் பெரும்பாலும் அழிந்துவிடும். உடலைக் கீறினால் கதை வேறு. ரத்தத்தோடு வெளியே வந்து காற்று பட்டதும், அது கெட்டியான உறை கொண்ட வித்துகளாக மாறிவிடும். இந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். பிரிட்டன் 1942-ல் ஆந்த்ராக்ஸ் சோதனை நடத்திய க்ரூனார்டு தீவு, மண்ணைச் சுத்திகரித்த பிறகு 1990-ல்தான் பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது.

மனிதர்களுக்கும் வருமா?

வரும். தோல் உரிப்பவர் கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், நடுவில் கறுத்த புண் உண்டாகும். இறைச்சியைச் சாப்பிட்டால் குடலைத் தாக்கும். சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யணும்?

* உடலைத் தொடாமல், இழுக்காமல் உடனே 1962 எண்ணுக்கோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ போன் செய்யுங்க. நாய், காக்கை அண்ட விடாதீங்க.
* அடைப்பான் சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார்கள். காதில் ஒரு துளி ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.
* இன்சூரன்ஸ் செய்த மாடு என்றால் அப்போதே சொல்லிடுங்க. மருத்துவர் பார்க்கும் முன் புதைத்தால் இழப்பீடு வாங்குவது சிக்கலாகிவிடும்.
* கிணறு, ஏரி, ஓடைக்குத் தள்ளி, ஆறடிக்குக் குறையாத குழியில் முழு உடலாகப் புதைக்கணும். ரத்தம் பட்ட வைக்கோல், சாணம், மேல்மண்ணும் அதே குழிக்குள் போகணும். எந்தக் கிருமிநாசினி, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

தொற்றுநோயில் இறந்தது எனத் தெரிந்தே உடலை நீர்நிலையில் வீசுவது, 2009-ம் ஆண்டின் கால்நடை தொற்றுநோய் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மீதி மாடுகளுக்கு?

தடுப்பூசி இருக்கு. 1932-ல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே அது தயாராகிறது. செத்த மாட்டை மறைக்காமல் சொன்னால்தான், ஊரில் மீதியிருக்கும் மாடுகளுக்கு அந்த ஊசி நேரத்துக்கு வந்து சேரும்.