இதயத்தைக் கட்டும் மரபணுக்கள்

கரு தரித்த நான்காம் வாரத்தில் துடிக்கத் தொடங்கும் மெல்லிய குழாய், எட்டாம் வாரம் முடிவதற்குள் நான்கு அறைகள் கொண்ட இதயமாகிவிடுகிறது. எந்தச் சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்று செல்களை ஏவுபவை வளர்ச்சி மரபணுக்கள். பழ ஈயில் 'டின்மேன்' என்ற மரபணு செயலிழந்தால் இதயமே உருவாவதில்லை. மனிதரிடம் அதற்கு இணையானது என்கேஎக்ஸ்2-5. இது பழுதானால் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓட்டை விழலாம் என்பது 1998இல் தெரியவந்தது. ஓட்டையை அடைத்த பிறகும் இதயத்தின் மின்னோட்டம் தடைபடக்கூடும். ஆகவே இத்தகையோர் அறுவை சிகிச்சையோடு நின்றுவிடாமல் ஆயுள் முழுதும் ஈ.சி.ஜி. பரிசோதனையைத் தொடர வேண்டும். டிபிஎக்ஸ்5 மரபணுவோ கையையும் இதயத்தையும் சேர்த்தே வடிவமைக்கிறது. அதனால் கட்டைவிரல் குறையோடு பிறக்கும் குழந்தைக்கு இதய எக்கோ எடுத்துப் பார்ப்பது அவசியம். இவ்விரு மரபணுக்களில் எதிலேனும் பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

பெற்றோர் இருவரிடமும் இல்லாத பழுது குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயைக் குற்றம் சொல்வது அறியாமை மட்டுமல்ல, கொடுமை.

மரபணு சரியாக இருந்தாலும் தாய்க்கு வரும் ரூபெல்லா தொற்றும், கட்டுப்படாத சர்க்கரையும், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மாத்திரையும் இதயம் உருவாவதைக் குலைக்கலாம். கர்ப்பம் உறுதியாவதற்குள் இதயம் பாதி உருவாகிவிடுவதால், ரூபெல்லா தடுப்பூசியும் மாத்திரை மாற்றமும் கருத்தரிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரே மாற்றித் தர வேண்டும்.

18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் பார்க்கலாம். இந்தியச் சட்டம் தடுப்பது பாலினம் சொல்வதைத்தான், குறை கண்டறிவதை அல்ல. கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால், 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு 2021 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. முடிவு அந்தப் பெண்ணுடையது.

பிறந்த குழந்தை பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பிறவிக் குறைகளுக்கு, 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் சிகிச்சை இலவசம். அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதனைக் குழுவே வருகிறது.

மரபணு நோய் என்று காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என 2018 மார்ச்சில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.