கேமிங் கீபோர்டா? முதல்ல மணிக்கட்டைக் கேளுங்க!

'ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மெக்கானிக்கல் கீபோர்டு வச்சிருக்காங்கம்மா...' என்று பிள்ளை ஆரம்பித்துவிட்டானா? பெட்டியில் மின்னுகிற கலர் விளக்குகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சாயங்காலம் அவன் விளையாடப்போகிற அதே கீபோர்டில், பகலில் ஆபீஸ் வேலை பார்க்கப்போவது ஒருவேளை நீங்களே!

சாதாரண கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் அடியில் ரப்பர் விரிப்புதான். ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். வழக்கமான சுவிட்ச் 4 மி.மீ. வரை கீழே இறங்கும். ஆனால் சுமார் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். 'அப்படின்னா விரலுக்கு வேலை மிச்சம்தானே?' என்பீர்கள். மிச்சமாகலாம். ஆனா, அம்மி கொத்துற மாதிரி ஓங்கித் தட்டியே பழகிய கைக்கு அந்த லாபம் கிடைக்காது. 'இதை வாங்கினால் கை வலி போகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் 'ப்ளூவா, ரெட்டா, பிரவுனா?' என்று கேட்பார்கள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் பிரபலமாக்கிய நிறக் கணக்கு இது. மற்ற பல கம்பெனிகளும் இதையே பின்பற்றுகின்றன. ப்ளூவுக்குச் சுமார் 60 கிராம் அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். ரெட்டுக்கு 45 கிராம் போதும். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரவுன் நடுவாந்திரம்: விரலுக்கு லேசாக ஒரு தட்டுப்படல், 'டிக்' கிடையாது. ஒரே பெட்ரூம் உள்ள ஃப்ளாட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு ப்ளூ தட்டினால் தாத்தா தூங்கின மாதிரிதான்! என் ஓட்டு ரெட்டுக்கோ, பிரவுனுக்கோதான். அதற்காக ரெட் ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். கீ அடியில் போய் இடிக்கும் சத்தம் அதிலும் உண்டு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மெக்கானிக்கல் கீபோர்டுகள் பெரும்பாலும் உயரம் அதிகம். மேஜையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க, முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா? மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தால் ஆபத்து. பின்பக்கக் குட்டிக் கால்களைத் தூக்கி நிறுத்தினால் வளைவு இன்னும் கூடும். அதனால் மடக்கியே வையுங்கள். கூடவே வரும் மெத்தைப் பலகை, தட்டுவதற்கு நடுவே உள்ளங்கையை இளைப்பாற வைக்கத்தான்; மணிக்கட்டை அதில் அழுத்திக்கொண்டே தட்டுவதற்கு அல்ல. வீட்டில் கணக்கு எழுதுகிறவர் யாரும் இல்லையென்றால், வலதுபக்க எண் பகுதி இல்லாத 87 கீ மாடல் நல்லது. மவுஸ் பக்கத்திலேயே வரும், தோள் எட்டி எட்டி வலிக்காது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? ராத்திரி தூக்கத்தில் கை ஜிவ்வென்று எழுப்புகிறதா? மணிக்கட்டு வழியே போகும் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கீபோர்டை மட்டும் திட்டாதீர்கள். சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, கர்ப்பம் போன்றவற்றிலும் இது வரும். புதுக் கீபோர்டு தேடுவதை விட்டுவிட்டு, டாக்டரிடம் கையைக் காட்டுங்கள்.

கடைசியாக, டீ கொட்டிவிட்டால்... உடனே வயரைப் பிடுங்கிக் கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். நன்றாகக் காயும்வரை சொருக வேண்டாம்.