714 ரூபாயில் பின்சீட் அடங்காது

மார்ச் கடைசி வாரம் வந்தால் போதும், பைக் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிடுகின்றன. காரணம் 2017-இல் கிடக்கிறது. பி.எஸ்.-3 புகைத் தர வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று அந்த ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த இரண்டு நாட்கள் ஷோரூம்களில் திருவிழா. ஆயிரக்கணக்கில் தள்ளுபடி. தேவை இருந்தவர், இல்லாதவர் எல்லோரும் வண்டியோடு வீடு திரும்பினார்கள். அந்த வண்டிகளின் பாலிசி ஆண்டுதோறும் மார்ச் கடைசி நாட்களில்தான் முடிகிறது. செஞ்சியிலிருந்தும் பனமலையிலிருந்தும் வந்த கடிதங்களில் கேள்வி ஏறக்குறைய ஒன்றே: வண்டி பழசாகிவிட்டது, இன்சூரன்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, கட்டிப் புதுப்பிப்பதா, தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பதா?

வண்டி பழசானதால் ஏறவில்லை. தேர்ட் பார்ட்டி கட்டணம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, இன்ஜின் அளவைத்தான் பார்க்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த பட்டியலில் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். முதல் வகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 843. நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய 100 சி.சி. வண்டிக்கும், ஒன்பது வருடம் உளுந்து மூட்டை சுமந்த 100 சி.சி. வண்டிக்கும் ஒரே அடிப்படைதான். சொந்தச் சேதத்துக்கான கட்டணமோ வண்டி மதிப்போடு சேர்ந்து வருடா வருடம் இறங்கும். அந்த மதிப்புக்கு ஐ.டி.வி. என்று பெயர். சந்தை மதிப்பு என்று விளக்கம் தருவார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அது வெறும் தேய்மான அட்டவணை: ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். அதற்குப் பிறகு இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது விதி. பேச யாரும் வருவதில்லை. கம்ப்யூட்டர் ஒரு தொகையைக் காட்டும், நாம் தலையாட்டுவோம். அதுதான் 'பரஸ்பர ஒப்புதல்'.

ஆகவே பழைய வண்டிக்காரருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். "பதினெட்டாயிரம், இருபதாயிரம் போகிற வண்டிக்கு எதுக்குண்ணா ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி போட்டுட்டு விடுங்க." வண்டியை மட்டும் பார்த்தால் நியாயமான பேச்சு. ஐந்து வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் கிளெய்ம் தருவார்கள். கையில் வருவது சொற்பம். ஆனால் இந்த யோசனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

தேர்ட் பார்ட்டி என்றால் யார்? நானும் கம்பெனியும் போக மீதி எல்லோரும் என்றுதான் எவரும் நினைப்பார். மேல்மலையனூர் அமாவாசைக்கு, பின்சீட்டில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு போகிறீர்கள். வழியில் காயப்போட்ட உளுந்துச் செடியில் சக்கரம் வழுக்குகிறது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அவர் தலையில் அடிபட்டு இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, போலீஸ் சோதனையில் காட்டினால் செல்லும், ஆன்லைனில் பச்சை எழுத்தில் தெரியும். அவருடைய உயிருக்கு அது பணம் தருமா?

தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால், தராது என்றுதான் கம்பெனி வாதிடும். வாதத்துக்குத் துணை, திலக் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: கட்டணமில்லாமல் பின்னால் உட்கார்ந்து வருபவரின் இறப்பு, சட்டம் கட்டாயமாக்கிய பாலிசியின் பொறுப்புக்குள் வராது. 2008-இல் சுதாகரன் வழக்கிலும் அதே பாதை. சாலையோரம் நடந்து போகிறவர் மூன்றாம் நபர்; உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இல்லை.

இந்த வித்தியாசம் பாலிசித் தாளில் ஒரு சொற்றொடரில் ஒளிந்திருக்கிறது. தேர்ட் பார்ட்டி பாலிசியில், யாருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டாலும் 'மோட்டார் வாகனச் சட்டம் கோருகிற அளவுக்கு' பொறுப்பேற்பதாக இருக்கும். ஃபுல் இன்சூரன்ஸ் எனப்படும் பேக்கேஜ் பாலிசியில், வாகனத்தில் இருப்பவர்களையும் சேர்த்து என்று வரும். அந்த 'சேர்த்து' இருந்தால் பின்சீட் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. பேக்கேஜ் பாலிசியில் பின்சீட்டுக்காரரும் அடக்கம் என்று 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில், தேர்ட் பார்ட்டி மட்டும் அடங்கிய ஆக்ட் பாலிசி வேறு, பேக்கேஜ் பாலிசி வேறு என்று உச்ச நீதிமன்றமும் பிரித்துக் காட்டியது. அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனது.

அதே சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையைச் சரிசெய்ய ஒரு முறை முயன்றது. கார் விபத்து ஒன்றில் ஈரோடு தீர்ப்பாயம் வழங்கிய 14 லட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பீட்டை எதிர்த்து நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் மேல்முறையீடு செய்தது. எங்களுடையது வெறும் ஆக்ட் பாலிசி என்பது வாதம். 2021 ஆகஸ்டில் நீதிபதி எஸ்.வைத்தியநாதன், வாங்குபவருக்கு இந்த வித்தியாசத்தை யாருமே சொல்வதில்லை என்று வருத்தப்பட்டு, செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் சேர்த்த முழுக் காப்பீட்டை ஐந்தாண்டுகளுக்குக் கட்டாயமாக்கினார். காப்பீட்டுத் துறையும் வாகனத் தயாரிப்பாளர்களும் நடைமுறைச் சிக்கல் என்றார்கள். செப்டம்பர் நடுவிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வாங்குபவருக்கு இன்றும் யாரும் சொல்வதில்லை.

இனி காசைப் பாருங்கள். ஒன்பது வயது 100 சி.சி. வண்டிக்கு ஐ.டி.வி. 20,000 என்று வைப்போம். பழைய தாரிஃப் பட்டியலில், ஐந்து முதல் பத்து வயது வண்டிக்குப் பெருநகரம் அல்லாத பகுதியில் சொந்தச் சேத விகிதம் 1.76 சதவீதம். அதாவது 352 ரூபாய். விடாமல் ஃபுல் போட்டு, ஐந்து வருடம் கிளெய்ம் வாங்காமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம், மிஞ்சுவது 176. ஜி.எஸ்.டி.யோடு 208. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 'எதுக்குண்ணா' என்று மிச்சம் பிடிக்கச் சொல்லும் தொகை இவ்வளவுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பிரியாணி சாப்பிட்டால் இதைவிடக் கூட ஆகும். இந்த 208, துருப்பிடித்த சைலன்சருக்கு அல்ல, பின்சீட்டுக்கு.

புது வண்டி எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா? 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்ட வேண்டும். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. நோக்கத்தில் குறையில்லை, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி நடுத்தெருவில் நின்ற குடும்பங்கள் ஏராளம். ஆனால் கணக்கு விசித்திரமானது. ஐந்து தடவை 714 என்றால் 3,570. மொத்தமாக முன்பணம் கட்டினால் 3,851. உலகத்தில் எங்கும் முன்பணத்துக்குத் தள்ளுபடி தருவார்கள். இங்கே 281 ரூபாய் கூடுதல். இடையில் கட்டணம் ஏறினாலும் உங்களைத் தொடாது என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். ஆனால் 2022-இல் இருந்த ஓராண்டுக் கட்டணம் மூன்றாண்டு கழித்து 2025-இலும் அதே 714-தான்.

பெரிய சிக்கல் வேறு. ஷோரூமில் தரும் பாலிசியில் தேர்ட் பார்ட்டி ஐந்து வருடம், சொந்தச் சேதம் வழக்கமாக ஒரே வருடம். தாளில் ஐந்து வருடம் கழித்து வரும் தேதிதான் கண்ணில் படும். இரண்டாம் வருடம் தனியாகச் சொந்தச் சேதப் பாலிசி எடுக்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2019 செப்டம்பர் முதல் அதைத் தனியாக வாங்க முடியும் என்பதும் தெரியாது. ஆக, புது வண்டிக்காரரும் பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும் பழைய வண்டிக்காரர் நிற்கிற இடத்துக்கே வந்து நிற்கிறார். அது இனி வெறும் ஆக்ட் பாலிசிதானே என்று கம்பெனி வாதாட வழி கிடைத்துவிடுகிறது.

செலவை அடுக்கினால்: 80,000 ரூபாய் வண்டிக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி ஜி.எஸ்.டி.யோடு 4,544; முதல் வருடச் சொந்தச் சேதம் ஏறக்குறைய 1,500; தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதாவது 8,000. பதிவு, இதர செலவு தனி. பழைய வண்டிக்கு ஃபுல் போட்டாலும் 1,051 ரூபாயும், வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கான கட்டணமும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை வண்டி மீதான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆனது உண்மை. சட்டமே கட்டாயப்படுத்தும் வண்டி இன்சூரன்ஸ் மீதான 18 அப்படியே இருப்பதும் உண்மை. இன்சூரன்ஸ் செலவுக்காக வண்டியை மாற்றுவது கணக்குத் தெரியாதவர் செய்கிற வேலை. பிரேக்குக்காக மாற்றினால் ஒப்புக்கொள்வேன்: 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரை சி.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம், உங்கள் 2017 வண்டியில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

மற்ற கேள்விகள். போனஸ் வண்டியோடு போய்விடுமா? போகாது, அது உங்களுடையது. விற்கும்போது கம்பெனியிடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், மூன்று ஆண்டுக்குள் புது வண்டிக்கு மாற்றலாம். பாலிசி முடிந்து எத்தனை நாள் பொறுக்கலாம்? 90 நாள் தாண்டினால் போனஸ் போச்சு. ஒரு நாள் தாண்டினாலும் அந்த நாளில் நடக்கும் விபத்து உங்கள் தலையில். பிடிபட்டால்? முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன் என்றால்? அந்த 15 லட்ச உரிமையாளர் காப்பீடு மகனுக்குக் கிடையாது. அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வண்டி? ஆர்.சி. பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பதினைந்து வருடம் ஆன வண்டி? எஃப்.சி. காட்டிப் பசுமை வரி கட்டி ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஃபுல் தர சில கம்பெனிகள் தயங்கும், அப்போது பின்சீட்டுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையாவது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு வண்டியின் சைடு கவரைத் திறந்து, ஜெராக்ஸ் மடிப்புக்குள் இருக்கும் பாலிசித் தாளை எடுத்து, தலைப்பில் பேக்கேஜ் என்று இருக்கிறதா, லயபிலிட்டி மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால், வண்டியைக் கம்பெனி ஆய்வு செய்த பிறகுதான் ஃபுல்லுக்கு மாற்றித் தருவார்கள். மார்ச் 31 வரை வைத்துக்கொள்ளாதீர்கள்.