குடலில் பதுங்கும் எய்ட்ஸ் கிருமி! பழைய சோறு கைகொடுக்குமா?

சென்னை—

"மாத்திரை தவறாம போடறேன். கவுண்ட்டும் ஏறிடுச்சு. அப்புறமும் எதுக்கு இந்த வயித்துக் கோளாறு?"

எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்பவர்கள் பலருக்கு எழும் கேள்வி இது.

பதில் குடலில் இருக்கிறது!

நோயை எதிர்க்கும் அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. உடம்புக்குள் புகுந்த சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. கிருமி இந்தக் காவல் படை மீதுதான் பாய்கிறது. சுவர் பலவீனமாகிறது. குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன.

உமி நெருப்பு

உடம்பு சதா சண்டைக்கு நிற்கிறது. வெளியே தெரியாது; உள்ளே உமி நெருப்பாகக் கனன்றுகொண்டே இருக்கும். இதைத்தான் டாக்டர்கள் 'நாள்பட்ட அழற்சி' என்கிறார்கள். மாரடைப்பு சீக்கிரம் எட்டிப்பார்க்க இதுவும் ஒரு காரணம்.

கூட்டு மருந்து கிருமியை அடக்கும். நெருப்பையும் தணிக்கும். ஆனால் முழுசாக அணைத்துவிடாது.

இந்தியா உள்பட 12 நாடுகளில் சுமார் 7,700 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. கொழுப்பைக் குறைக்கும் 'பிட்டாவாஸ்டாட்டின்' மாத்திரை, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது!

ஸ்டான்லியில் பழைய சோறு

ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2021-வாக்கில் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். குடல் அழற்சி நோயாளிகளுக்கு அது உதவுமா என்று பார்ப்பதே நோக்கம். இரவு முழுக்க ஊறிய சோற்றில் குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன.

ஆனால் ஒன்று: இது எச்.ஐ.வி.க்கான ஆராய்ச்சி அல்ல. பழைய சோறு மருந்தும் அல்ல. காய்ச்சி ஆறிய தண்ணீர், சுத்தமான பாத்திரம் இல்லாவிட்டால் அதுவே பேதியில் கொண்டுபோய் விடும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேழ்வரகு, பயறு, கீரை, காசிமேட்டு மத்தி மீன்— இவை போதும். பீடி, சாராயம் வேண்டவே வேண்டாம்.

உஷார்!

வயிற்றெரிச்சல் மருந்து, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இஷ்டத்துக்குச் சேர்த்துப் போட்டால், 'டோலுடெகிராவிர்' மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்பது அவசியம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், இதே சென்னையில். அன்று மருந்து இல்லை. 2004-ல் தாம்பரத்தில் இலவச மருந்து வந்தது. இன்று வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லியிலேயே கிடைக்கிறது. சம்மதமில்லாமல் நோயாளியின் விவரத்தை வெளியிடக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம்.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட், எண்ணூரில் லாரி லோடு என்று சாப்பாட்டு நேரம் தவறலாம்.

மாத்திரை நேரம் தவறக்கூடாது!