வரி தேடும் கருவி

அமெரிக்க நாட்டின் புதிய அரசியலமைப்பை மக்கள் ஏற்கவேண்டும் என வலியுறுத்தி, 1787, 1788ஆம் ஆண்டுகளில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் எனப்படும் அவற்றை எழுதியவர்கள் ஹாமில்டன், மாடிசன், ஜே என்னும் மூவர். மூவரும் 'பப்ளியஸ்' என்னும் ஒரே புனைபெயரில் மறைந்துகொண்டனர். ஆதலின், 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையனவா, மாடிசனுடையனவா என்னும் வழக்கு பின்னாளில் எழுந்து நெடுங்காலம் தீராதிருந்தது.

ஒருவரது நடையைப் பெருஞ்சொற்களைவிடச் சிறுசொற்களே காட்டிக்கொடுக்கும். 'போது' என்னும் பொருளில் ஹாமில்டன் 'வைல்' என்று எழுதுவார். மாடிசனோ 'வைல்ஸ்ட்' என்பார். மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியல் அறிஞர்கள் இத்தகைய சொற்களை எண்ணிப் பார்த்து, அப்பன்னிரண்டும் பெரும்பாலும் மாடிசன் எழுதியனவே என 1964இல் முடிவு கூறினர்.

அறிஞர் ஆர்வம் அத்துடன் அடங்கவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லீ மக்மாகன், இக்கட்டுரைகளைக் கணிப்பொறியில் இட்டு ஆராய விரும்பினார். அங்கே, எழுதியதைத் திருத்துவதற்கு 'எட்' என்னும் நிரல் இருந்தது. அது சொற்களைத் தேடவும் வல்லது. ஆயினும், கோப்பு முழுவதையும் உள்வாங்கிய பின்னரே அது தேடத் தொடங்கும். கட்டுரைகளோ பத்து லட்சம் எழுத்துகளுக்கு மேற்பட்டவை; அக்காலத்துப் பி.டி.பி.-11 பொறியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் ஏறத்தாழ 65,000 எழுத்துகளுக்கே இடந்தரும். குடத்திற்குள் குளம் புகுமா?

எட் நிரலை ஆக்கிய கென் தாம்சன், அதன் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாக்கினார். ஓரிரவில் அதனை எழுதி முடித்தார் என்பர் உடன் பணியாற்றியோர். தமக்கெனச் செய்து வைத்திருந்ததையே சிறிது செப்பஞ்செய்து மறுநாள் கொடுத்ததாகத் தாம்சன் பின்னாளில் கூறினார். இதுவும் சுவையான செய்தியே.

இக்கருவி கோப்பை முழுமையாக உள்வாங்குவதில்லை. ஒரு வரியைப் படிக்கும், தேடும் சொற்கோலம் அதில் உண்டா என ஒப்பிடும், உண்டெனில் வரியை வெளியிடும், இல்லையெனில் விட்டுவிடும், பிறகு அடுத்த வரிக்குச் செல்லும். ஒரு வரிக்கு இடமிருந்தால் போதும். கோப்பு எவ்வளவு நீண்டிருப்பினும் கவலையில்லை. சொற்கோலம் என்பது வெறுஞ்சொல் அன்று. அதில் இடும் ஒரு புள்ளி எந்த எழுத்திற்கும் நிற்கும். டாலர்க் குறி வரியின் இறுதியைச் சுட்டும். 'வைல்' என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால், ஹாமில்டன் சொல்லும் மாடிசன் சொல்லும் சேர்ந்தே அகப்படும்.

கோப்பு முழுவதும் தேடி, ஒரு சொற்கோலம் உள்ள வரிகளை அச்சிடுமாறு எட் நிரலுக்கு இடும் கட்டளையில் ஜி, ஆர், ஈ, பி என்னும் எழுத்துகள் வரும். அவை சேர்ந்து 'கிரெப்' என்னும் பெயராயிற்று. 1973இல் யூனிக்ஸ் கையேட்டில் அப்பெயர் இடம்பெற்றது. மக்மாகனும் வாளாவிருக்கவில்லை. வரிவரியாகத் தேடுவதோடு அமையாது, வரிவரியாகத் திருத்தவும் வல்ல 'செட்' என்னும் கருவியை அவர் தாமே எழுதினார்.