கேதார்நாத் பாதை: குதிரையேறுபவருக்கும் பொறுப்பு உண்டு

புது தில்லி: உத்தரகண்ட் மாநிலத்தில் கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் கோயிலுக்கு 16 கி.மீ. மலைப்பாதை. கோயில் அமைந்திருப்பதோ கடல் மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில். நடக்க இயலாத யாத்ரிகர்களில் பெரும்பாலோருக்குக் குதிரையும் கோவேறு கழுதையுமே துணை. டோலியும் ஹெலிகாப்டரும் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை.

2025 மே மாதத் தொடக்கத்தில், கோயில் நடை திறந்த சில நாள்களிலேயே, இப்பாதையில் இரண்டு நாள்களில் 13 விலங்குகள் இறந்தன. இதையடுத்து குதிரை, கோவேறு கழுதைப் போக்குவரத்துக்கு 24 மணி நேரத் தடை விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே அம்மாவட்டத்தில் குதிரைகளிடையே இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் கண்டறியப்பட்டிருந்தது. 2022-ம் ஆண்டு யாத்திரையின்போதும் இத்தகைய இறப்புகள் பெரும் சர்ச்சையாகி, உயர் நீதிமன்றம் வரை சென்றன.

இத்தகைய நிகழ்வுகளின்போது பழி முழுவதும் குதிரைக்காரர் மீதே விழுகிறது. முதுகில் அமர்ந்து செல்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டமோ அவரையும் விட்டுவைக்கவில்லை. 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல் ஆகியவற்றோடு, அளவுக்கு மீறிச் சவாரி செய்வதையும் குற்றமாகக் கூறுகிறது. விலங்கின் உரிமையாளர் மட்டுமன்றி, "எந்த ஒரு நபரும்" என்பதே அதில் உள்ள சொல்.

இச்சட்டத்துக்கு ஒரு தமிழகத் தொடர்பும் உண்டு. 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால், முதல் முறைக் குற்றத்துக்கு இச்சட்டத்தில் நிர்ணயிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அதை உயர்த்துவதற்கான திருத்த வரைவு 2022-ல்தான் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. கேதார்நாத் பாதையில் ஒரு வேளை உணவுக்கே 50 ரூபாய் போதாது.

இச்சட்டத்தின் கீழ் 1965-ல் வகுக்கப்பட்ட விதிகள் அபராதத்தைவிடப் பயனுள்ளவை. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று பொதிக்கு வரம்பு உண்டு. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. முள் பதித்த கடிவாளமும் குச்சியும் கூடாது. சேணத்தின் வளைவு குதிரையின் தோள்மேட்டில் நேரடியாக அழுந்தாதபடி இடைவெளி இருக்க வேண்டும்.

70 கிலோ என்பது பொதிக்கான வரம்பு என்று வாதிடலாம். முதுகில் இருப்பது அரிசி மூட்டையா, மனிதரா என்று குதிரையின் முதுகெலும்பு பார்ப்பதில்லை. சொல்லப்போனால், கட்டிய மூட்டை அசையாது. பள்ளத்தைப் பார்த்துப் பயந்து பக்கவாட்டில் சாயும் மனிதர் ஒவ்வோர் அடியிலும் சேணத்தை இழுக்கிறார். ஏற்றத்தில் சற்று முன்னோக்கியும் இறக்கத்தில் சற்றுப் பின்னோக்கியும் சாய்ந்தால் விலங்கின் சிரமம் குறையும். உடல் பருமனானவர் மட்டக்குதிரையைத் தவிர்த்துக் கோவேறு கழுதையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

ஏறுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை சில. நொண்டுகிறதா, சேணத்தின் அடியில் புண் இருக்கிறதா, லாடம் கழன்றிருக்கிறதா என்று அறிய இரண்டு நிமிடம் போதும். காயம்பட்ட, நோயுற்ற விலங்கை வேலைக்குப் பயன்படுத்துவது தனிக் குற்றம். எனவே வேறு விலங்கு கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

குதிரைக்காரர்களை வில்லன்களாகச் சித்திரிப்பதிலும் நியாயமில்லை. கடனில் விலங்கு வாங்கியவருக்குச் சில மாதச் சம்பாத்தியமே ஆண்டு முழுவதற்கும். நாளுக்கு இரண்டாவது நடை போக அவரைத் தூண்டுவது அந்தக் கணக்குதான். "சீக்கிரம் போ" என்று அவசரப்படுத்தும் யாத்ரிகர் அந்தக் கணக்குக்குத் துணைபோகிறார். தண்ணீர்த் தொட்டி உள்ள இடங்களில் இறங்கி நின்றால் விலங்குக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். கூடவே நடந்து வரும் குதிரைக்காரருக்கும்தான்.

நடந்து செல்வோரின் பாதுகாப்பு மற்றொரு பிரச்சினை. குதிரைகள் கடக்கும்போது நடப்பவர் மலைச்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் நின்றால் உரசலில் தடுமாறி விழும் ஆபத்து உண்டு. சவாரி செய்பவரும் குறுகலான இடத்தில் முந்திச் செல்லும்படி வற்புறுத்தக் கூடாது.

சோன்பிரயாக் - கேதார்நாத் இடையே 12.9 கி.மீ. நீளத்துக்கு, 4,081 கோடி ரூபாய் செலவிலான ரோப்கார் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. அதில் பயண நேரம் 36 நிமிடங்கள் மட்டுமே. அது பயன்பாட்டுக்கு வரும்வரை பாரம் குதிரைகளின் மீதுதான்.

திரும்பும் பயணத்தில் பலர் அலுப்பினால் மட்டுமே குதிரையேறுகின்றனர். நின்றிருக்கும்போதே குதிரையின் முன்கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாங்குகின்றன. இறக்கத்தில் அது இன்னும் கூடும். மழையில் நனைந்த கற்படிகளில் லாடக் கால்கள் வழுக்கவும் செய்யும். நடக்கத் தெம்புள்ளவர்கள் செங்குத்தான இறக்கங்களிலாவது இறங்கி நடக்கலாம்.